செனாவாங்கில் கிடைத்த மதர்போர்டு

பழைய கணினிக்கு மதர்போர்டு தேடி அலைவது பற்றி ஒரு வாசகி கேட்டிருந்தார். அப்படி ஒரு முறை அலைந்திருக்கிறேன். தொண்ணூற்றாறாம் ஆண்டு, மலேசியாவில் கோலா பிலாவுக்குப் பதினோரு கிலோமீட்டர் உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்திலிருந்து செனாவாங் வரை. ஒரே நாள் பயணம்தான். கணினியைப் பற்றி அதற்கு முன் எனக்கு ஒன்றும் தெரியாது.

என் கணவர் மாணிக்கம் அந்தத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். பெயர்ப்பதிவும் கடிதமும் அவர் கையில்தான். ஐம்பத்திரண்டு வயதில் நரம்பு நோய் வந்தது. முதலில் பேச்சு போனது, பிறகு கால், பிறகு கை. வலது கையில் ஒரு விரல் மட்டும் மிஞ்சியது. ஆபீசில் கழித்துக் கட்டிய கணினியை வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தோம். அந்த ஒரு விரலால் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார். பகலில் நான் ஆயாக் கொட்டகையில் மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். மாலையில் வீடு திரும்பினால், அவர் அன்று பேச நினைத்ததெல்லாம் திரையில் இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை மாலை திரை கறுப்பாகக் கிடந்தது. அவர் முகம் முழுக்க வியர்வை. எத்தனை நேரம் முயன்றாரோ. உயிரில்லாத விசைப்பலகை மேல் அவர் விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தொட, நான் பக்கத்தில் நின்று தாளில் குறித்துக்கொண்டேன். 'மூடியைக் கழற்று. போர்டைப் பார்.' கழற்றினேன். கடிகாரத்துக்காக வைத்திருந்த சின்ன பேட்டரி ஒழுகி, சுற்றிலும் பச்சை பூத்திருந்தது. புதுக் கணினி அப்போது மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்). அதை நாங்கள் நினைத்தும் பார்க்க முடியாது.

சனிக்கிழமை அவரைப் பக்கத்து வீட்டுப் பார்வதி அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, காலை ஆறே காலுக்குக் கிளம்பினேன். போர்டு ஒரு துண்டில் சுற்றிப் பையில் இருந்தது. அக்காவின் கணவர் மோட்டாரில் கோலா பிலாவில் கொண்டுவிட்டார். ஏழு பத்து பஸ். கட்டணம் இரண்டு வெள்ளி எழுபது காசு. புக்கிட் புத்துஸ் மலை வளைவுகளில் வாந்தி வருபவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். நான் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கணினிக் கடை இருந்த அம்பாங்கான் அதே சாலையில்தான் இருக்கிறது, சிரம்பான் டவுன் வரை போக வேண்டியதில்லை. எட்டே காலுக்கு இறங்கி, கடை திறக்கப் பத்து மணி வரை காத்திருந்தேன். சீன முதலாளி துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இனி சுடா லாமா லா. பூவாங் சஜா." ரொம்பப் பழசு, தூக்கிப் போடு என்று மலாயில் சொன்னார். புதுப் போர்டு போட்டால் கூடவே இன்னும் நான்கு சாமான் மாற்ற வேண்டுமாம், தொள்ளாயிரம் வெள்ளி ஆகுமாம்.

நான் நகராமல் நின்றதைக் கண்டு, கல்லாவில் இருந்த தமிழ்ப்பெண் ஒரு முகவரி எழுதித் தந்தாள். "செனாவாங்ல தனபால்னு ஒருத்தர்கா. ஃபேக்டரில கழிச்சுப் போடுற கம்ப்யூட்டரெல்லாம் வாங்கி வச்சிருக்காரு. நைட் ஷிப்ட், மத்தியானம் போனாத்தான் எந்திரிச்சிருப்பாரு லா."

சிரம்பான் போய் வேறு பஸ் பிடித்தேன், எண்பது காசு. இறங்கி இருபது நிமிடம் நடை. ஒன்றேகாலுக்குக் கதவைத் தட்டினேன். முப்பது வயதிருக்கும், தூக்கக் கண்ணோடு வந்தார். பின்னறையில் கூரை வரை போர்டுகள். நான்கை எடுத்து ஒவ்வொன்றாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். மூன்று அசையவில்லை. நான்காவது 'பீப்' என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கணவரின் நிலைமையைச் சொன்னேன்.

"எந்தத் தோட்டம்கா?"

சொன்னேன்.

"கிராணி மாணிக்கமா?"

அவர் கை நின்றது. அங்கேதான் பிறந்தாராம். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். இவருடைய பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். வேலை செய்ய ஆள் இல்லாத வீடு என்று காலி பண்ணச் சொல்லித் தோட்ட மேனேஜர் துரையிடமிருந்து கடிதம் வந்தது.

"பரீட்சை முடியிற வரைக்கும் இருக்கலாமான்னு எங்கம்மா ஆபீஸ் வாசல்ல நின்னு கேட்டாங்க. ஒங்க வீட்டுக்காரரு உள்ள போயிட்டு வந்து, தொரை முடியாதுன்னு சொல்லிட்டாருன்னாரு. நான் பரீட்சை எழுதல. ஃபேக்டரிக்கு வந்துட்டேன்."

போர்டைத் தர மாட்டார் என்றே நினைத்தேன். அவர் பழைய பேட்டரியை வெட்டி எறிந்தார். ஒழுகினாலும் போர்டில் படாதபடி, நீள ஒயரில் வேறு பேட்டரியைத் தொங்கவிட்டார். எந்த ஒயர் எங்கே, திரையில் ஹார்ட் டிஸ்க் எண்களை எங்கே அடிக்க வேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டார்.

"முப்பத்தஞ்சு வெள்ளி. எல்லாருக்கும் இதே வெலைதான்." பணத்தை வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஒன்னே ஒன்னு கேட்டுச் சொல்லுங்கக்கா. அன்னிக்கு நெஜமாவே தொரைகிட்ட கேட்டாரா?"

மாலை ஐந்தேமுக்காலுக்கு வீடு சேர்ந்தேன். தாளைப் பார்த்துப் பார்த்துப் பூட்டி முடிக்க மறுநாள் மதியம் ஆனது. திரை வெளிச்சமானதும் அவர் அடித்த முதல் சொல், 'சாப்பிட்டியா'. அந்த மனிதரிடம் தனபாலின் கேள்வியை எப்படிக் கேட்பேன்? மூன்று நாள் கேட்கவில்லை. நான்காம் நாள் வேலைக்குப் புறப்படும்போது விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டேன்.

மாலையில் திரையில் மூன்று வரி இருந்தது.

'கேட்கவில்லை. துரை அன்றைக்குக் கோபத்தில் இருந்தார். கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன்.'

முப்பது ஆண்டு என்னோடு வாழ்ந்தவர். அன்றிரவு அவருக்குச் சோறு ஊட்டும்போது எனக்குக் கோபமும் இருந்தது, இரக்கமும் இருந்தது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே பஸ்ஸில் போய், அந்த மூன்று வரியை எழுதிய தாளைத் தனபாலிடம் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எங்கம்மா சாகிற வரைக்கும் அந்தத் தொரையத்தான் திட்டுனாங்க" என்றார். பிறகு, "பேட்டரி சூடாகுதான்னு தொட்டுப் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து, தனபால் சொன்னதை அப்படியே சொன்னேன். மறுநாள் மாலை திரையில் ஒரே கேள்வி. 'அந்த அம்மா பேர் என்ன?' தோட்டத்துப் பெயர்ப்பதிவே அவர் கையில் இருந்தது, அவருக்கே அந்தப் பெயர் நினைவில்லை. எனக்கும் தெரியாது. மறுபடி செனாவாங் போவதற்குள் தனபால் வீடு மாறிவிட்டார். கணவர் இன்னும் ஏழு மாதம் இருந்தார். போர்டு கடைசி வரை வேலை செய்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: மூடியைத் திறந்தவுடன் பேட்டரியைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் எண்களை முதலில் தாளில் எழுதுங்கள். பழைய போர்டைக் கையோடு கொண்டுபோங்கள், ஆணித்துளைகள் பொருந்த வேண்டும். கடைக்காரர் தூக்கிப் போடச் சொன்னதும் திரும்பிவிடாதீர்கள். கிடைத்த இடத்தில், அங்கேயே மின்சாரம் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கொடுத்தவரிடம் உட்கார்ந்து பேசி, அவர் வீட்டு மனிதர்களின் பெயரையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். எனக்குக் கடைசி பஸ் போய்விடுமோ என்ற அவசரம். கேட்காமல் வந்துவிட்டேன்.