ரேடியோ அக்காவின் ரிவால்வர்

எல்லோரும் அவரை ரேடியோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் நிறுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. பல வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவர். படிக்கட்டில் தொங்குகிறவர்களை வாயாலேயே உள்ளே தள்ளியவர். முழங்கால் முரண்டு பிடிக்கத் தொடங்கியதும் பேருந்தை விட்டுவிட்டு, வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் காவலராகச் சேர்ந்தார். உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம் என்ற ஆசைதான்.

சேர்ந்த புதிதில் தோளில் மாட்டிக்கொள்ள நீளத் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அது வேன் கதவில் இடிக்காத நாளே இல்லை. கடைசியில் கம்பெனியே மனமிரங்கியது. இனி எல்லோருக்கும் கைத்துப்பாக்கி. ரிவால்வரா பிஸ்டலா என்பதை அவரவர் சுட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

வேன் ஓட்டுநர் சுட்டுப் பார்க்கும் முன்பே பிஸ்டல் என்று முடிவு கட்டிவிட்டார். "ரிவால்வரெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிற சாமான்க்கா. பிஸ்டல்ல பதினஞ்சு குண்டு. அதுல வெறும் ஆறு."

அக்காவுக்கும் அந்தக் கணக்கு பிடித்துத்தான் இருந்தது. பயிற்சிக் கூடத்தில் முதலில் பிஸ்டலைத்தான் கேட்டு வாங்கினார். தட்டையாக, இடுப்பில் செருகினால் வெளியே தெரியாதபடி இருந்தது. ஆனால் முதல் குண்டை ஏற்ற, மேலே உள்ள இரும்பு உறையைப் பின்னால் இழுத்து விட வேண்டும். அது அசைந்து கொடுக்கவில்லை.

"இழுத்துக்கிட்டே நிக்காதீங்கம்மா," என்றார் பயிற்சியாளர். "மேல் கையால இறுக்கிப் பிடிங்க. கீழ்க் கையை முன்னால தள்ளுங்க."

தள்ளினார், சடக்கென்று ஏறியது. அட்டை மனிதனின் நெஞ்சிலேயே முதல் குண்டு பாய்ந்தது. அந்த அதிர்வில் விரல் இன்னொரு தடவை சுருங்க, இரண்டாவது குண்டு கூரைக்குப் போய்விட்டது. அக்கா கேட்காமலே போன குண்டு அது.

அடுத்து ரிவால்வர். உருளையைத் திறந்தால் ஆறு குழியும் கண்ணெதிரே தெரிந்தன. உள்ளே குண்டு இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் விசை இறுகிக் கிடந்த ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி அடம் பிடித்தது. நீளமாக, முழு மனதோடு அழுத்தினால்தான் வெடித்தது. அட்டையின் தோளில் ஒன்று, காதில் ஒன்று. ஓட்டுநர் சிரித்த சிரிப்பு நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அன்று சாயங்காலம் தையல் மெஷினில் குனிந்திருந்த கணவரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"நல்லா சுட்டது பிஸ்டல்லதாங்க. ஆனா கூரையைச் சுட்டதும் அதுலதான்."

கணவர் நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டார். "எது நீ சொன்ன பேச்சைக் கேட்டுச்சு?"

அக்கா ரிவால்வருக்குக் கையெழுத்துப் போட்டார். கை பழக ஒரு மாதம் விடாமல் பயிற்சிக் கூடத்துக்குப் போனார். காதில் பட்ட குண்டு மெல்ல மெல்ல நெஞ்சுக்கு இறங்கியது.

மழைக்காலத்தில் ஒரு மதியம் அது நடந்தது. வங்கியின் பின்பக்கச் சந்தில் வேன் நின்றது. அழைப்பு மணியை அழுத்த அக்கா இறங்கினார். குப்பைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒருவன் இரும்புக் கம்பியோடு பாய்ந்து வந்தான்.

"சாவியைக் கொடு!"

அக்காவின் கை தானாகவே இடுப்புக்குப் போனது. ரிவால்வர் அவன் நெஞ்சுக்கு நேராக நின்றது. விரல் அழுத்தத் தொடங்கியது. உருளை மெல்லச் சுழல்வது கைக்குத் தெரிந்தது. அவன் முகம் வெளுத்து, கம்பி கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. அக்கா விரலை எடுத்தார். அவன் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான். ஓட்டுநர் சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டி, பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"சுட்டிருப்பீங்களா?" என்று பிறகு போலீஸ்காரர் கேட்டார்.

"பாதி சுட்டுட்டேன் சார். மீதிப் பாதிக்குள்ள அவன் கம்பியைப் போட்டுட்டான். அந்தப் பிஸ்டலா இருந்திருந்தா, என் கைக்கு அந்தப் பாதி கிடைச்சிருக்காது."

வீட்டில் அன்று அவர் பேசவில்லை. கணவர் பயந்துபோய் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அவனுக்கு மீசை கூட சரியா வரலைங்க," என்றார் அக்கா. அதன் பிறகுதான் அழுகை வந்தது.

ஓட்டுநர் மறுநாள் தயங்கித் தயங்கி, தானும் மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

"எதுக்கு? உன் கைக்கு அதுதானே அடங்குது. என் கை வேற, உன் கை வேற."

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது அக்கா சாட்சிக் கூண்டில் ஏறினார். நடந்ததை நடந்தபடி சொன்னார். தான் வாயைத் திறக்கும் முன்பே அவன் கம்பியைப் போட்டுவிட்டான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். தண்டனை கொஞ்சம் குறைந்தது. வெளியே தாழ்வாரத்தில் அவன் அம்மா வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் அக்கா. அந்த அம்மா இல்லையென்று தலையாட்டினார். இருவரும் எதிரே இருந்த கடைக்கு நடந்தார்கள்.