அம்மா மாற்றிக் கூட்டிப்போன பெண்

ஆரணியில் எங்கள் தெருக்கோடியில் ஓர் அரிசி மில் இருந்தது. பசுவுக்குத் தவிடு வாங்க அம்மா போகும்போதெல்லாம் நானும் தொற்றிக்கொள்வேன். களத்தில் எனக்கொரு தோழி இருந்தாள். என் வயது, என் உயரம். அவளுடைய பெற்றோர் அங்கே நெல் அவித்துக் காயவைப்பவர்கள். என்றோ வாங்கிய முன்பணத்துக்காக வருஷக்கணக்கில் மில்லுக்குள்ளேயே கிடந்தார்கள். கோயில், சாவு என்று இருவரும் வெளியே போக நேர்ந்தால் பெண்ணை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அவர்கள் திரும்பி வருவதற்கு அவள்தான் பிணை. இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்பதில் பொறாமைதான் பட்டுக்கொண்டிருந்தேன்.

ஓர் ஆடி வெள்ளி. படவேட்டுக் கோயிலுக்குப் போக அனுமதி கிடைத்து அவளுடைய பெற்றோர் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மில்லுக்கு அழைத்துப் போனாள். தவிடு வாங்க எதற்குப் பட்டுப்பாவாடை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்து அம்மா என் பாவாடையை அவிழ்த்து அவளுக்குக் கட்டினாள். பூவும் அவள் தலைக்குப் போனது. அவளுடைய கிழிந்த கவுன் எனக்கு வந்தது.

“கண்ணு, இங்கியே நெல்லு துழாவிகினு இரு. அம்மா ஜல்தியா வந்துடறேன்.”

அவள் முகத்தைத் தன் இடுப்போடு அணைத்தபடி அம்மா கேட்டைத் தாண்டினாள். “இன்னாம்மா, பாப்பா கோயிலுக்கா?” என்று காவல்காரர் கேட்டதும், “ஆமாங்கண்ணா, பஸ் போயிடும்” என்று அம்மா சொன்னதும் களம்வரை கேட்டது. தெருமுனையில் அவளை ஏற்றிக்கொண்டு போக அத்தை மொபெட்டோடு நின்றிருந்தது எனக்குப் பிறகு தெரிந்த கதை. பேசிவைத்தபடி சந்தவாசல் பஸ் நிறுத்தத்தில் அவளுடைய பெற்றோர் காத்திருந்தார்கள். அங்கிருந்து மூவரையும் அத்தை பஸ்ஸில் நேராக அதிகாரிகளிடம் கூட்டிப்போனாள்.

நான் காலால் நெல்லைத் துழாவினேன். வெயில் ஏறியது. அம்மாவைக் காணோம். ஓவென்று அழ ஆரம்பித்தேன். மில்காரர் வந்து என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“நீ யாரு? அந்தப் பொண்ணு எங்க?”

“என் பாவாடைய கட்டிகினு எங்கம்மாகூட போய்ட்டா!”

அவர் என் கையைப் பற்றினார். சற்று நேரத்தில் அம்மா உள்ளே வந்தாள். பின்னால் சித்தப்பாவும், தறியிலிருந்து எழுந்து வந்த தெருக்காரர்கள் நாலைந்து பேரும்.

“அவ அவங்கம்மாகிட்ட போய்ச் சேந்துட்டா. எம்பொண்ண வுடுங்க.”

“பெத்த புள்ளைய அடகு வெச்சிட்டுப் போனியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?”

“அவங்க பெத்தத நீங்க இத்தினி வருஷமா வெச்சிகினு இருந்தீங்களே!”

 அம்மா நகரவில்லை. மில்காரர் வாசலில் சேர்ந்த கூட்டத்தைப் பார்த்தார். என் கையை விட்டுவிட்டார்.

அந்தக் குடும்பத்துக்குக் கொத்தடிமை விடுதலைச் சான்று கிடைத்தது. தேவிகாபுரம் பக்கம் குடியேறினார்கள். அவள் இப்போது செய்யாறில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறுவாளாம்.

என்னை விட்டுவிட்டு இன்னொருத்தியைக் கூட்டிப்போன அம்மாவோடு அன்று முழுக்க நான் பேசவில்லை. பஸ் கிளம்பிவிட்டதென்று அத்தையிடமிருந்து போன் வரும்வரை உள்ளே வரக்கூடாது என்று, அவள் மில் சுவருக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தாள். நான் அழுதது அத்தனையும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அன்று எனக்கு அது தெரியாது.