கிணற்றின் வெளிப்புறம்

எங்கள் ஆற்றை நேராக்கியவள் நான்தான். சொன்னால் சிரிக்கிறார்கள். அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு, வலது கையில் இரண்டு மரு. சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாத பிள்ளை என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வயது. ஆனாலும் ஆற்றை நேராக்கியது இந்தக் கைதான். அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது.

உத்தனப்பள்ளியைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். வீட்டுக்கு எதிரே சாலை, சாலைக்கு அப்பால் கொல்லை என்று நாங்கள் சொல்லும் எங்கள் நிலம், கொல்லையைச் சுற்றி ஆறு. ஆறு என்று நாங்கள்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம், ஓசூரிலிருந்து வருகிறவர்கள் அதை ஓடை என்பார்கள். கோடையில் மணலும் நாணலுமாகப் படுத்துக் கிடக்கும். மழை விழுந்தால் எழுந்து ஓடும். எங்கள் நிலத்தருகே வந்ததும் முழங்கையை மடக்கின மாதிரி வளைந்து, மூன்று பக்கமும் சுற்றிவிட்டு, பிறகுதான் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகும். ஐப்பசியில் தண்ணீர் பெருகினால் கரையேறிக் கொல்லையின் பாதிக்கு வந்து நிற்கும். மூன்று நாள் நின்றுவிட்டு, வண்டலைப் போட்டுவிட்டு இறங்கிவிடும். அந்த மூன்று நாளும் அப்பா யாரிடமும் பேசமாட்டார். அழுகிப்போன கோஸைப் பற்றி வருஷம் முழுக்கச் சொல்வார். அதே வண்டலில் அடுத்து விதைத்த ராகி எப்படி வந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் ரோஜாக் காய்ச்சல் அடித்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளை பாலிதீன் கொட்டகைகள். உள்ளே பூக்கும் ரோஜா விமானத்தில் ஏறி எந்தெந்த நாட்டுக்கோ போகிறது என்றார்கள். அப்பாவுக்கும் ஒரு கொட்டகை போட ஆசை. பார்க்க வந்தவர்கள் மண்ணை மிதித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஏறுகிற நிலத்தில் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா இரண்டு நாள் ஆற்றை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஓசூரில் புதிது புதிதாக வந்த கம்பெனிகளுக்கு நிலம் சமன்செய்து கொடுக்கும் காண்டிராக்டரிடம் சூப்பர்வைசர். மேடு பள்ளம் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கொல்லையைச் சுற்றி வந்து, ஒரு குச்சியால் மண்ணில் ஆற்றை வரைந்தார். பிறகு அந்த வளைவின் கழுத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

“இது எதுக்கு மாமா வேல வெட்டி இல்லாத ஆளு மாதிரி சுத்திக்கிட்டுப் போவுது?” என்று அப்பாவைக் கேட்டார். “இங்க நேரா வெட்டி உட்டுடலாம். இந்த வளைவு பூரா மண்ண தள்ளி மூடிட்டா அதுவும் நம்ம கொல்லதான். தண்ணியும் ஏறாது.”

எனக்கு அது மந்திரவித்தையாகத் தெரிந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும். அன்றிரவு வெகுநாள் கழித்து இரண்டாவது தடவை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கேள்வி கேட்டது அத்தை ஒருத்திதான். அப்பாவின் அக்கா. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். கட்டிய சில வருஷத்தில் அவள் வீட்டுக்காரர் இறந்துபோனார், பிள்ளை இல்லை. வளைவு முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, எதிர்க்கரையில் அவளுக்கு முக்கால் ஏக்கர் இருந்தது. அதில் மிளகாய், ஒரு மாடு, கரையோரம் ஒரு உறைக்கிணறு. சிமெண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய கிணறு அது. தோண்டும்போது அத்தையே கூடை கூடையாக மண் சுமந்தாளாம். பதினாறு உறை என்று சொல்லும்போது மற்றவர்கள் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்கிற தொனி அவளுக்கு வந்துவிடும். என்னை அந்தக் கிணற்றில் எட்டிப் பார்க்க அவள் விட்டதே இல்லை. சேலை முந்தானையை என் இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டால் ஒழிய.

அத்தை வந்து வெட்டப்போகிற இடத்தைப் பார்த்தாள். பிறகு தன் கரையைப் பார்த்தாள்.

“ஏன் தம்பி, இத்தினி நாளா தண்ணி உன் கொல்லையில வந்து மூணு நாளு ஒக்காந்துட்டுப் போச்சி. இனிமே எங்க போயி ஒக்காரும்?” என்று அப்பாவிடம் கேட்டாள்.

மாமா சிரித்துவிட்டார். “எதுக்குக்கா ஒக்காரணும்? நேரா போயிக்கினே இருக்கும்.”

அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல், “மச்சான் கம்பெனிக்கெல்லாம் செஞ்சவன்கா. அவனுக்குத் தெரியாததா?” என்றார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அந்த வார்த்தைக்கு மேல் பேச்சில்லை. கம்பெனிக்குக் கேட் போட்டவன்தான் கோயிலுக்கும் கேட் போடுவான். கம்பெனிக்குச் சமைத்தவனைத்தான் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். தரையைச் சமன்செய்தவனுக்கு ஆறும் தெரிந்திருக்கும் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். அத்தையும் நம்பினாள். இல்லாவிட்டால் திறக்கிற அன்றைக்குத் தேங்காயும் குங்குமமும் எடுத்துக்கொண்டு அவளே முதல் ஆளாக வந்திருக்கமாட்டாள்.

ஆறு நாள் ஜேசிபி வெட்டியது. ஓசூரில் எங்கேயோ இடித்த கட்டடத்தின் கல்லும் காரையும் லாரி லாரியாக வந்து பழைய வளைவில் விழுந்தன. கடைசியாகப் புது வாய்க்காலின் தலைமாட்டில் ஒரு மண் திட்டு மட்டும் பாக்கி. புதுத் தண்ணீர் திறந்தால் அந்த வீட்டுப் பெண்பிள்ளை கையால் திறக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். தாத்தா காலத்தில் அது அத்தையின் கை. இப்போது என் கை. அவள்தான் எனக்குப் பொட்டு வைத்து, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டி, மருவைப் பார்த்து முகம் சுளித்து, என்னை ஜேசிபியின் மேல் ஏற்றிவிட்டாள். டிரைவர் கர்நாடகக்காரர். “தள்ளு பாப்பா, தள்ளு” என்று என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். இயந்திரம் என் வயிற்றுக்குள் உறுமியது. மண் திட்டு விலகியது. முழங்காலளவு தண்ணீர் கொஞ்ச நேரம் அங்கேயே சுழன்றுவிட்டுப் புதுப் பாதையில் நேராக ஓடியது.

எல்லோரும் கை தட்டினார்கள். பழைய வளைவில் மூடாமல் மிச்சமிருந்த குட்டையில் மாட்டிக்கொண்ட மீன்களை அன்று ஊரே குழம்பு வைத்துச் சாப்பிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்தில், ஆறு நான் சொன்ன பக்கம் போகிறது என்று சொன்னேன். நம்பாத இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் இல்லை. மாமா தான் செய்த வேலையைப் பார்ப்பதற்கென்றே பைக்கில் நனைந்துகொண்டு வந்திருந்தார். பத்து மணி இருக்கும். ஒரே குடைக்குள் அம்மாவும் நானும், கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அப்பாவும், எங்கள் புதுக்கரையில் நின்றோம். ஆறு செம்மண் நிறத்தில், சத்தம் போட்டுக்கொண்டு, கோடு கிழித்தது போல நேராக ஓடியது. கொல்லையில் ஒரு சொட்டு ஏறவில்லை. அப்பா குனிந்து எங்கள் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். “பாத்தியா மச்சான்!” என்று மாமாவின் முதுகில் தட்டினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் குதித்தேன். என் ஆறு சொன்ன பேச்சைக் கேட்டது.

அப்போதுதான் அம்மா, “அங்க பாருங்க” என்றாள்.

வெட்டிய வழியில் வேகமெடுத்து வந்த தண்ணீர், அது முடிகிற இடத்தில் திரும்பத் தெரியாமல், நேரே அத்தையின் கரையில் போய் மோதிக்கொண்டிருந்தது. கரை பாளம் பாளமாகச் சாய்ந்தது. முதலில் ஒரு வேலிக்கால். அப்புறம் ஒரு வரிசை மிளகாய்ச் செடி, பழத்தோடு, நின்ற வாக்கிலேயே தண்ணீருக்குள் இறங்கியது. அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. எனக்கு அது நடப்பதாகவே தோன்றவில்லை. நிலம் என்பது அப்படிப் போகிற பொருள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அத்தை கிணற்றடி மோட்டார் ரூமுக்குள் இருந்தாள். மோட்டாரைக் கழற்றப் பார்த்தாள் போலிருக்கிறது. திறந்த கதவில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ரூமுக்கும் கரைக்கும் நடுவே பத்தடி இருந்தது, பார்க்கப் பார்க்க ஆறடியானது.

“அக்கா! வெளிய வா! அக்கா!” அப்பா கத்தினார். ஆற்றின் இரைச்சலில் அது எங்கள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. தரைப்பாலம் மூழ்கிவிட்டது. அந்தப் பக்கம் போக வழியில்லை. அப்பா தண்ணீரில் இறங்கப் போனார், மாமா அவரை இடுப்போடு கட்டிப்பிடித்து நிறுத்தினார். அம்மா குடையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயில் அடித்துக்கொண்டாள்.

எப்படியோ அத்தை திரும்பிப் பார்த்தாள். ஸ்டார்ட்டர் பெட்டியை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து, மாட்டை அவிழ்த்து விரட்டிவிட்டு, தானும் மேட்டுக்கு ஓடினாள். அவள் நின்று திரும்பியபோது மோட்டார் ரூம் இல்லை. எங்களைப் பார்த்தாள். வெறுமனே பார்த்தாள். கோணிப்பை கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் அப்பா மழையில் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் மழை விட்டது. தண்ணீர் வடிந்ததும் தரைப்பாலத்தின் வழியாக நான் மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் ஓடினேன். அத்தையின் கொல்லை இருந்த இடத்தில் மணல் இருந்தது. அந்த மணலின் நடுவே, தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓட, ஒரு சிமெண்டுத் தூண் நின்றது. என்னைவிட மூன்று நான்கு மடங்கு உயரம். அது என்னவென்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அத்தையின் கிணறு. சுற்றியிருந்த மண் முழுவதும் போய், கிணறு மட்டும் நின்றது. உள்ளே எட்டிப் பார்க்க விடாத கிணற்றை நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கிணற்றுக்கு வெளிப்புறம் என்று ஒன்று உண்டென்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உறைகளை எண்ணினேன். ஒன்பது வரை தெரிந்தது. பார்க்கக்கூடாத எதையோ பார்த்துவிட்டதைப் போலிருந்தது.

அத்தை மேட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்டார்ட்டர் பெட்டி. நான் போய் அருகில் நின்று, “அத்த, நான்தான் தெறந்தேன்” என்றேன்.

அவள் என் வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். “இந்தக் கையில என்னா இருக்குது? மரு இருக்குது” என்றாள். “ரெண்டுதான இருந்திச்சி? மூணாவது எப்ப வந்திச்சி?” பிறகு என் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் ஈரமாக இருந்தது.

இப்போது எனக்கு விளங்குகிறது. அந்த வளைவு ஆற்றின் வேகத்தை வாங்கிக்கொண்டது. எங்கள் கொல்லை அதன் தண்ணீரை மூன்று நாள் வைத்திருந்து மெல்ல விட்டது. இரண்டையும் நாங்கள் பிடுங்கினோம், கணக்கு எதிர்க்கரையில் தீர்ந்தது. அப்போது எனக்கு விளங்கியது வேறு. மாமா ஒரு வாரம் கழித்து வந்து, கண்ணாடியைக் கழற்றிக் கிணற்றைப் பார்த்துவிட்டு, கீழேயும் கொஞ்சம் நேராக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று தொடங்கினார். அப்பா, “வாய மூடு மச்சான்” என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டார். மாமா நன்றாகத்தானே சொல்கிறார், அப்பா ஏன் கத்துகிறார் என்று நினைத்தேன்.

மாமா சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர்களைப் பிடித்து அத்தைக்குக் கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவும் வேலை வாங்கிக்கொடுத்தார். எங்கள் கொல்லையில் பழைய ஆற்றின்மேல் வெள்ளைக் கொட்டகை எழுந்தது. முதல் ரோஜாவை அப்பா அத்தைக்குக் கொடுத்தனுப்பவில்லை. அவர் அந்தக் கரைக்கே அதற்குப்பின் போகவில்லை. சோறு, குழம்பு எதுவானாலும் அம்மாதான் கொண்டுபோவாள்.

அத்தைக்கு நீலக் கோட்டு, போட்டோ ஒட்டிய அட்டை, தரைப்பாலம் வரைக்கும் வந்து ஏற்றிக்கொண்டு போகும் பஸ். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் அத்தைக்குக் கம்பெனியில் வேலை என்று, ஆற்றைப் பற்றிச் சொன்ன அதே பிள்ளைகளிடம் அதே குரலில் சொன்னேன். கேன்டீனில் அவளுக்குத் தரும் பன்னை அவள் சாப்பிடாமல் எனக்குக் கொண்டுவருவாள். நான் தின்றுவிட்டு, நாளைக்கு இரண்டு கொண்டு வா என்பேன்.

காலையில் பஸ் தரைப்பாலத்தில் அவளை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வழியாகத்தான் ஓசூருக்குப் போகும். ஒரு பக்கம் ஆறும் அந்தக் கிணறும், மறுபக்கம் எங்கள் வீடு. பஸ் காலியாக இருந்தாலும் அத்தை ஒருநாளும் ஆற்றுப் பக்கம் உட்கார்ந்ததில்லை. எப்போதும் இந்தப் பக்க ஜன்னல்தான். எனக்குக் கை காட்டத்தான் அங்கே உட்காருகிறாள் என்று நினைத்து, பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்து, தினமும் நான் இரண்டு கையையும் ஆட்டினேன்.