அம்சவல்லி தைத்த தெரு

அம்சவல்லிக்குச் சொந்தமாக நிலம் இருந்ததில்லை. அவள் புருஷன் தனகோட்டிக்கும் இல்லை. சித்தேரிக்குப்பத்தில் அவர்கள் குடியிருந்த கீழத்தெருவில் மொத்தம் பதினோரு வீடுகள். பதினோரு வீட்டாரும் மேலத்தெருக்காரர்களின் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். மேலத்தெருவுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோரிடம் கழற்றுவதற்குச் செருப்பே கிடையாது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தபோது அம்சவல்லி ஒரு காண்டிராக்டரிடம் மண் சுமக்கப் போனாள். சித்திரை வெயிலில் அந்தச் செம்மண் பாதத்தைப் பொரித்தது. முதல் வாரக் கூலியில் பண்ருட்டிக்குப் போய் ஒரு ஜோடி டயர் செருப்பு வாங்கினாள். அன்று சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு மேலத்தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தாள்.

"ஏய், கழட்டுடி!" என்று ஒரு வீட்டிலிருந்து குரல் வந்தது.

"கால் சுடுது. கழட்ட மாட்டேன்."

இரண்டு பேர் இறங்கி வந்து அவளைக் கீழே தள்ளினார்கள். ஒரு செருப்பைப் பிடுங்கித் தெருவோரத்து ஏரிக்குள் வீசினார்கள். இன்னொன்றை அவள் விடவில்லை. முட்டியில் ரத்தம் ஒழுக அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை அதே தெரு வழியாகத்தான் வேலைக்குப் போனாள், ஒரு காலில் மட்டும் செருப்போடு. அன்றைக்கு யாரும் இறங்கி வரவில்லை.

அடுத்த வருஷம் ஊரே காலியாயிற்று. மேலத்தெரு, கீழத்தெரு, ஏரி எல்லாவற்றையும் சுரங்கம் எடுத்துக்கொண்டது. நிலம் வைத்திருந்தவர்களின் பெயர்கள் நஷ்டஈட்டுக் காகிதங்களில் இருந்தன. பதினோரு வீட்டுத் தெருவின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அந்தத் தெருக்காரர்கள், சுரங்கத்து ஆட்களுக்காகக் கட்டிய டவுன்ஷிப்புக்கு வெளியே ஆளுக்கொரு கொட்டகை போட்டுக்கொண்டார்கள்.

கரி வெளியே வரத் தொடங்கியதும் அம்சவல்லிக்கு வேறு வேலை கிடைத்தது. கரியைச் சுமந்து ஓடும் ரப்பர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற பழுப்பு நிலக்கரியைக் கூட்டி அள்ளுகிற வேலை. அதுவும் காண்டிராக்ட்தான். அங்கேதான் அவள் நிறங்களைக் கவனிக்க ஆரம்பித்தாள். மேலே செம்மண், அதற்குக் கீழே மஞ்சள், அப்புறம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் களிமண், அடியில் கரி. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மடியில் முடிந்துகொண்டு வருவாள். அவள் தாய்வீடு காடாம்புலியூர். முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டால் கறை போகாது, பலாப்பால் பட்டது பிரியாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மூன்று கோணிகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்தாள். கரித்தூளை முந்திரி ஓட்டு எண்ணெயிலும் பலாப்பாலிலும் குழைத்து அதில் பூசினாள்.

"கோணிய வச்சிகினு இன்னா பண்ணிகினு இருக்க?" என்று கேட்டான் தனகோட்டி.

"நம்ம தெருவ கட்டிகினு இருக்கேன்."

பழைய தெருக்காரர்களின் கொட்டகை ஒவ்வொன்றுக்கும் போய், அந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது ஏதாவது ஒன்று தரச்சொல்லிக் கேட்டாள். ஒருத்தி தூளிச் சேலையில் ஒரு கிழிசல் தந்தாள். ஒருவர் பல் போன அரிவாளைத் தந்தார். ஒரு வீட்டிலிருந்து உலைமூடியின் பாதி வந்தது. வெள்ளைக் களிமண்ணால் பதினோரு வாசல்கள் இழைத்து, வாசலுக்கு ஒன்றாக அவற்றைப் பதித்தாள். தன் வீட்டு வாசலில் அந்த ஒற்றை டயர் செருப்பைக் கம்பியால் இறுக்கித் தைத்தாள். முடிக்க ஒரு வருஷம் பிடித்தது.

அறுபத்தைந்தில் பொங்கலுக்கு டவுன்ஷிப்பில் ஒரு மன்றத்தார் கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். தனகோட்டியும் அவளுமாகக் கோணியைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். செயலாளர் குஞ்சிதபாதம் வாசலிலேயே மறித்தார்.

"பெர்மனென்ட் ஆளுங்க குடும்பத்துக்கு மட்டுந்தாம்மா. நீ காண்டிராக்ட்டு."

"உள்ளதான வைக்கக் கூடாது?" என்று கேட்டுவிட்டு அம்சவல்லி வெளியே வந்தாள். மன்றத்துக் கம்பிவேலி மேல், வருகிற போகிறவர் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி, கோணியை விரித்துக் கட்டினாள்.

பரிசு கொடுக்க மதராஸிலிருந்து ராஜாம்பாள் என்கிற அம்மாள் வந்திருந்தார். அங்கே ஓவியக் காட்சிக்கூடம் நடத்துகிறவர். உள்ளே தையல் பூக்களைப் பார்த்து முடித்துவிட்டு வெளியே வந்தவர், வேலி ஓரத்தில் வெகுநேரம் நின்றார். "இதை என் கூடத்துல விலைக்கு வைக்கலாமா?" என்று கேட்டார்.

"வைங்கம்மா. வாங்கறவங்க வாங்கட்டும்," என்றாள் அம்சவல்லி.

சித்திரையில் மதராஸ் கூடத்தில் கண்காட்சி திறந்த அன்று புருஷனும் பெண்டாட்டியும் ரயிலேறிப் போனார்கள். வெள்ளைச் சுவரில் நடுவாக அவள் தெரு தொங்கியது. பக்கத்தில் ஒரு சீட்டு. தனகோட்டி எழுத்துக்கூட்டிப் படித்தான்: "கரிய பூமி. சுரங்கத் தொழிலாளி ஒருத்தி செய்தது."

அம்சவல்லி சீட்டைப் பார்க்கவில்லை. வாசல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினோராவது வாசலில் செருப்பு இல்லை. கம்பி அறுபட்ட தடத்தின் மேல் கரி பூசியிருந்தது.

"என் செருப்பு எங்கம்மா?"

ராஜாம்பாள் அவளை ஓரமாக அழைத்துப்போய்த் தணிந்த குரலில் சொன்னார். ஒரு மில் முதலாளி வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார், தன் ஆபீஸ் கூடத்தில் மாட்டப் போகிறார், செருப்பு மட்டும் வேண்டாம் என்றார். "பாக்கி எல்லாம் அப்படியே இருக்கே, அம்சவல்லி."

"பதினோரு வூட்ல ஒரு வூட்ட இடிச்சிட்டு, பாக்கி அப்படியே இருக்குதுன்றீங்களே!"

அவள் குரலில் கூடமே திரும்பியது. அந்த முதலாளியும் அங்கேதான் இருந்தார். சிரித்துக்கொண்டே, "சுவத்துல செருப்பு மாட்டற வழக்கம் எங்களுக்கு இல்லம்மா," என்றார்.

"கால்ல மாட்டற வழக்கமே எங்களுக்கு இல்லாமத்தாங்க இருந்துது. நான் மாட்டிகினேன்."

அம்சவல்லி தனகோட்டியைப் பார்த்தாள். "தெருமுனையில அரிசி மண்டி இருக்குது. ஒரு கோணி ஊசி கேட்டு வாங்கியா."

அவன் ஓடினான். ராஜாம்பாள் யாரையும் ஏவாமல் தானே பின்னறைக்குப் போய்ச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். அம்சவல்லி படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னாள். பளிங்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கோணியின் ஓரத்திலிருந்தே சணல் உருவி, பட்டுப்புடவைகளும் பாலிஷ் போட்ட பூட்ஸுகளும் சுற்றி நிற்க, நிதானமாகத் தைத்தாள். பாதி தைக்கும்போதே முதலாளி காரேறிப் போய்விட்டார்.

"வித்திருக்க வேண்டியது. போயிடுச்சு," என்றார் ராஜாம்பாள்.

"போவட்டும்மா. பேரையும் மாத்தி எழுதுங்க."

ராஜாம்பாள் பழைய சீட்டைக் கிழித்தார். அவள் சொல்லச் சொல்லப் புதிதாக எழுதினார்: "கீழத்தெரு, சித்தேரிக்குப்பம். செய்தவர் அம்சவல்லி. கோணி, நிலக்கரி, வெள்ளைக் களிமண், முந்திரி ஓட்டு எண்ணெய், பலாப்பால், சேலை, இரும்பு, டயர் செருப்பு ஒன்று."

படம் இரண்டு வருஷம் விலை போகாமல் கிடந்தது. மன்றத்தில் சிலர் அதைச் சொல்லிச் சிரித்ததும் அவள் காதில் விழுந்தது. அவள் ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டும், வந்து புதுக் கோணி பிரித்துக்கொண்டும் இருந்தாள். அறுபத்தேழில் திருச்சியில் ஒரு பெண் டாக்டர், நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் மாட்டுவதற்காக முழுதாக வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் ராஜாம்பாள் எதை வெட்டலாம் என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

அறுபத்தெட்டில் அம்சவல்லி, தேய்ந்துபோனதென்று கழித்துப் போட்ட பெல்ட்டில் பதினாறடித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் மேல் சுரங்கத்தையே செய்தாள். அந்தக் கனத்த ரப்பரைச் சுருட்ட முடியவில்லை. லாரியில் ஏற்ற எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். மதராஸில் இறக்கியபோது, கூடத்து வாசல் சின்னது, உள்ளே நுழையாது, ஓரத்தைக் கொஞ்சம் அறுக்கலாமா என்று லாரிக்காரர் கேட்டார்.

"வாசல அறுக்கச் சொல்லுங்க," என்றாள் அம்சவல்லி.

ராஜாம்பாள் ஆசாரியை வரவழைத்தார். மத்தியானத்துக்குள் தெருப்பக்கத்துப் பெரிய ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி, அந்த வழியாக உள்ளே கொண்டுபோனார்கள்.