முப்பத்தொன்றை முதலில் இடித்தது யார்?

காலால் உதைக்காத ஃபுட்பாலை நாள் முழுக்கப் பார்த்து, யார் யாரை எந்த இடத்தில் இடித்தார்கள் என்று குறிப்பதுதான் என் தொழில். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அமெரிக்காவில் ஆடி முடித்த ஆட்டங்களின் வீடியோ எங்களுக்கு வரும். ஒவ்வொரு ஓட்டத்தையும் நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி பார்த்து, குறித்து அனுப்புவோம். இதற்கு டேகிங் என்று பெயர். என்ன வேலை பார்க்கிறாய் என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், “கம்ப்யூட்டர் வேலை” என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நழுவுகிற என் சக தோழர்களே, இது உங்களுக்காகத்தான்.

வீட்டுக்கு ஒரு விளக்கம்

எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. கணிதம். அப்பா முடிச்சூரில் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறார். வேலை கிடைத்த அன்று, என்ன வேலை என்று கேட்டார். செல்போனில் ஓர் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். ஹெல்மெட் போட்ட ஒருவர் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓட, எதிரில் வந்தவர்கள் அவர்மேல் பாய்ந்து சாய்த்தார்கள்.

“பந்தைக் கையில வச்சினு ஓடுறான். இதுக்கு இன்னாத்துக்கு ஃபுட்பால்னு பேரு?” என்றார் அப்பா. எனக்கும் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். இதைப் பார்ப்பதற்கா சம்பளம் என்று அம்மா இரண்டு முறை கேட்டார். மாதம் முடியட்டும், பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை எதிர்வீட்டு அக்காவுக்குக் கேன் இறக்கி வைத்துக்கொண்டே அப்பா பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது. “எம் பொண்ணு அமெரிக்காக்காரனுக்கு அம்பயரா கீதும்மா.”

கபடிக் கண்

பயிற்சியில் முதலில் சொல்லித்தந்தது ‘முதல் இடி’யைக் குறிப்பது. பந்தோடு ஓடுகிறவரை எதிரணி ஆள் முதன்முதலில் இடிக்கும் இடத்தில் ஒரு க்ளிக் செய்ய வேண்டும். இடிக்கு முன் எவ்வளவு தூரம் ஓடினார், இடித்த பிறகும் எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போனார் என்று இரண்டு கணக்கு வரும். நான் பள்ளியில் கபடி ஆடியவள். கபடியில் விரல்நுனி பட்டாலும் டச்தான். அதனால் எவராவது சட்டையை உரசினாலே க்ளிக் செய்தேன். என் கணக்குப்படி அமெரிக்காவில் ஒருவர்கூட உருப்படியாக ஓடவில்லை.

எங்கள் டீம் லீட் டேவிட் சார் குரலை உயர்த்தாதவர். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். நான் வேர்த்துப்போய் இன்னும் இரண்டு க்ளிக் செய்தேன். அப்புறம் சொன்னார்: “சுகன்யா, அவன் கபடி கபடின்னு பாடிக்கிட்டு வரலம்மா. விரல் பட்டாப் போதாது, ஆள் தடுமாறணும்.”

இரண்டு ஸ்பேர்கள்

ஆரம்பத்தில் நான் ஸ்பேர். யார் லீவு போடுகிறார்களோ, அவர்கள் அணியின் ஆட்டம் எனக்கு வரும். அப்படி அடிக்கடி வந்த ஓர் அணியில்தான் முப்பத்தொன்றைப் பார்த்தேன். ஆட்டக்காரர்களின் பெயரெல்லாம் எங்கள் வாயில் நுழையாது. சட்டையில் இருக்கும் எண்தான் பெயர். அவரும் ஸ்பேர்தான். அணியின் முதல் ஓட்டக்காரர் களைத்து வெளியே வந்தால் இவர் உள்ளே போவார். கிடைப்பது கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தில் யார் கைக்கும் சிக்காமல் பிய்த்துக்கொண்டு போவார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் அப்படி ஓடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பாக இருந்தது. காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

பக்கத்து சீட் பாலாஜி பல்லாவரத்துக்காரன். டீ கிளாஸோடு என் திரையை எட்டிப் பார்த்தான். “இவன் எங்க பந்து ஆடுறான்? கிளம்பிட்ட பீச் ட்ரெயினையில்ல ஓடிப் புடிக்கிறான்!”

கேசரி

முதல் ஓட்டக்காரருக்கு முழங்காலில் அடிபட்டது. இனி ஆட்டம் தொடங்கும்போதே முப்பத்தொன்றுதான் இறங்குவார் என்று ஆனது. அதே வாரம், அந்த அணியை எப்போதும் டேக் செய்துவந்த அக்கா பெங்களூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அணி என் பெயருக்கு வந்தது. சீசன் முடியும்போது என்னை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்பதை இந்த அணியின் டேகிங்கை வைத்துத்தான் முடிவு செய்வார்கள் என்று டேவிட் சார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பாதி பெருமையும் பாதி பயமுமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா கேசரி கிண்டினார். நான் முழுக் கதையையும் சொல்லி முடித்ததும் அப்பா தட்டை நீட்டினார். “ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்துல ப்ரமோஷனா? அந்தப் பையனுக்கும் ஒரு ஸ்பூன் எடுத்து வை.”

மைக்கின் சந்தேகம்

முதல் ஆளானதும் முப்பத்தொன்று விழ ஆரம்பித்தார். பந்தை வாங்கி நிமிர்வதற்குள் இடி. ஆட்டத்துக்கு ஆட்டம் என் க்ளிக் முன்னைவிடச் சீக்கிரம் விழுந்துகொண்டிருந்தது. அவர் விழும்போதெல்லாம் நானும் கொஞ்சம் விழுந்தேன்.

அமெரிக்காவில் இருந்து எங்கள் வேலையைச் சரிபார்ப்பவர் பெயர் மைக். வீடியோ காலில் வந்து, சிரித்த முகமாகவே கேட்டார். இடிக்கு முன் முப்பத்தொன்று ஓடும் தூரம் குறைந்தது டேகர் மாறிய வாரத்திலிருந்துதான்; இது தற்செயலா? அவர் முடித்த விதத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “கால்கள் பழைய கால்கள்தான். கண்கள்தான் புதிது.” கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். நியாயமாகக் கேட்டதால் அந்தக் கேள்வியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். வீடியோ கால் முடிந்ததும் டேவிட் சார் யார் காதிலும் விழாதபடி கேட்டார்: “மறுபடியும் கபடி டச் போட்டுட்டியாம்மா?”

கூட்டம்

இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கண்ணை நானே எப்படி நம்புவது? அதனால் டேவிட் சாரிடம் இரண்டு வேலை கேட்டு வாங்கினேன். நான் குறித்த ஓட்டங்களை, என் குறிப்பைக் காட்டாமல், பாலாஜி புதிதாகக் குறிக்க வேண்டும். பெங்களூர் போன அக்கா குறித்த பழைய ஓட்டங்களை, அவர் குறிப்பைப் பார்க்காமல், நான் குறிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லாம் ஒத்துப்போயின. ஓரிரு இடத்தில் ஓர் அடி முன்பின் இருந்தது. ஆக, கண் மாறவில்லை. அப்படியானால் ஏன் விழுகிறார்?

முப்பத்தொன்றை விட்டுவிட்டு அவருக்கு எதிரில் நிற்பவர்களைப் பார்த்தேன். ஸ்பேராக இருந்தபோது அவர் இறங்கிய நேரமெல்லாம் எதிரணி இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இவர் அணி பந்தை நீளமாக எறியப்போகிறது என்று நினைத்துப் பாதிப்பேர் பின்னால் தள்ளி நின்றார்கள். இப்போது முதல் ஓட்டத்திலிருந்தே எல்லோரும் களைப்பில்லாமல், இவருக்காகவே, முன்னால் நெருக்கி நிற்கிறார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் இடுப்பில் கையை வைத்து நிற்பவர் இவராகிவிட்டார். ஆனால் இடி வாங்கிய பிறகு ஆட்களை இழுத்துக்கொண்டு போகிற தூரம் மட்டும் அப்படியே இருந்தது. ஆள் குறையவில்லை. கபடிக் கணக்கில் சொன்னால், மூன்று பேர் மிச்சமிருக்கும் கோர்ட்டுக்கு ரெய்டு போனவர், இப்போது ஏழு பேரும் நிற்கும் கோர்ட்டுக்குப் போகிறார்.

பாலாஜிக்குக் கபடி தெரியாது. அவனுக்குத் தெரிந்த விதத்தில் அவன் புரிந்துகொண்டான். “அப்ப கிண்டில கூட்டம் இறங்கினப்புறம் ட்ரெயின்ல ஏறினான். இப்ப காலைல எட்டரைக்குத் தாம்பரத்துல ஏறுறான். அவ்ளோதான் மேட்டர்.”

மைக்குக்குப் பதில்

அடுத்த வீடியோ காலில் பேச வேண்டியது நான்தான் என்று டேவிட் சார் சொல்லிவிட்டார். என் ஆங்கிலம் தமிழ் மீடியத்தில் படித்தது. ரயிலில் நின்றபடி மனப்பாடம் செய்த முதல் வரி அங்கே வரவேயில்லை. வீடியோவைக் காட்டினேன். இடப்பக்கம் ஸ்பேர் முப்பத்தொன்று, வலப்பக்கம் முதல் ஆள் முப்பத்தொன்று. இரண்டிலும் பந்து கைக்கு வரும் நொடியில் நிறுத்தினேன். முன்னால் நிற்பவர்களை விரலால் காட்டினேன். ஓர் அடி முன்பின் இருந்த இடங்களையும் மறைக்காமல் காட்டினேன். இது மட்டும்தான் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, முன்பு அவர் ஓடியதே கொஞ்சம், அதில் ஓரிரு நீள ஓட்டம் வந்தாலே கணக்கு பெரிதாகத் தெரியும் என்றும் சொன்னேன். கபடி உதாரணம் வேண்டாம் என்று நினைத்திருந்தேன். அதுவும் வந்துவிட்டது.

மைக் இரண்டு பக்கத்திலும் முன்னால் நிற்பவர்களை ஒவ்வொருவராக எண்ணினார். டேவிட் சார் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். கடைசியில், என் குறிப்பில் தவறில்லை என்று மைக் சொன்னார். இனிமேல் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் நெருக்கி நிற்பவர்களையும் எண்ணிக் குறிக்க வேண்டும், எல்லா அணிகளுக்கும், என்றார். கபடியை எங்கே பார்க்கலாம் என்றும் கேட்டார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பாலாஜி மட்டும் எழுந்து கைகூப்பினான். “நல்லாப் பேசின தாயே. எங்க எல்லாருக்கும் ஒரு வேலை எக்ஸ்ட்ரா வாங்கிக் குடுத்துட்ட.”

ஃபார்ம்

சீசன் முடிவில் என்னை நிரந்தரம் செய்தார்கள். அந்தச் செய்தியோடு வீட்டுக்குப் போன அன்று, அம்மா விஷயத்தைக் கேட்பதற்கு முன்னாலேயே கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தார். அப்பாவோ முப்பத்தொன்றைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். கேசரி எடுத்து வைத்த நாளிலிருந்து அவர் அந்தப் பையன் கட்சி.

பழைய ஓட்டக்காரரின் முழங்கால் சரியாகிவிட்டது, முப்பத்தொன்று மறுபடி ஸ்பேர், கடைசி ஆட்டங்களில் மறுபடி யார் கைக்கும் சிக்காமல் ஓடினார் என்று சொன்னேன். அவர் ஃபார்முக்குத் திரும்பிவிட்டார் என்று வர்ணனைக்காரர்கள் கொண்டாடுவதையும் சொன்னேன். அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! கழுவிக்கொண்டிருந்த கேனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “திரும்பி வந்துட்டானா? அவன் எங்கம்மா போனான், திரும்பி வர்றதுக்கு?”

நான் மட்டும் இன்னும் ஸ்பேருக்குத் திரும்பவில்லை; தினமும் தாம்பரத்தில் கூட்டம் நெரியும் அந்த எட்டரை ரயிலில்தான் ஏறுகிறேன், கைப்பிடி கிடைத்த நாளையெல்லாம் நல்ல ஃபார்மில் இருப்பதாகவே கணக்கு வைத்துக்கொள்கிறேன்.