ஐஸ் குறைந்த நவம்பர்

அந்த நவம்பரில் என் மனைவி என் கண்ணுக்கு முன்னாலேயே வெளிறிக்கொண்டு போனாள். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். அவளைத் தின்கிற ஏதோ ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நான் நம்பினேன். அது எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற வாகனத்திலிருந்துதான் வந்தது என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை.

லண்டன் இல்ஃபோர்டில் எங்களுடையது மூலை வீடு. பிரான்ஸில் இருக்கிற லூர்து மாதாவிடம் குடும்பமாய்ப் போய்வர, நானும் சகலனும் சேர்ந்து பழைய அமெரிக்க மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கியிருந்தோம். படுக்கை, அடுப்பு, தானாக ஐஸ் போடும் பிரிட்ஜ் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. விற்றவள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. போன கோடையில் தன் புருசன் இந்தப் பிரிட்ஜுக்கு முன்னால் இருக்கிற கதிரையில்தான் குந்தியபடியே செத்துக் கிடந்தார் என்று, சாவியைத் தரும்போது சாவகாசமாய்ச் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம், பாவி மனுசி.

பிரிட்ஜ் என் பொறுப்பு. எனக்கு அதில் பெரிய புளுகம், பெருமை. வாகனம் மட்டமாக நின்றால்தான் அது ஒழுங்காய்க் குளிரும். சில்லுக்கடியில் பலகை கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். வீட்டுக் குசினி யன்னலால் வயர் இழுத்து, அமெரிக்கச் சாமானுக்கு ஏற்றபடி கரண்டைக் குறைக்க இடையில் ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் வைத்தேன். அது நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும். ஃபில்டரை மாற்றி, முதலில் விழுந்த ஐஸையெல்லாம் வெளியே கொட்டினேன். ஃப்ரீஸருக்குள் ஒரு கம்பிக் கை உண்டு. அதைக் கீழே விட்டால் இயந்திரம் தானே தண்ணீர் எடுத்து, உறைய வைத்து, பிறைத் துண்டுகளாகத் தொட்டிக்குள் தள்ளும். தொட்டி நிறைந்ததும் ஐஸே அந்தக் கையை உயர்த்தும், இயந்திரம் நின்றுவிடும்.

குளிர்காலத்தில் எல்லாவற்றையும் நிறுத்தித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் குழாய் உறைந்து வெடிக்கும். நான் வடிக்கப் போனபோது மனைவி மறித்தாள்.

“மீன் கிடக்கு, நிப்பாட்டாதேங்கோ. ஐஸும் கிடக்கட்டும்.”

வீட்டுப் பிரிட்ஜில் இடமில்லைதான். சரியென்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு தொட்டி நிறையவே இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்தால், ஆளில்லாத வாகனத்துக்குள் ஐஸ் விழுகிற சத்தம் தடதடவென்று கேட்கும். திறந்து பார்த்தால் அடியில் நாலு துண்டு. வால்வில் பிழையில்லை, கம்பிக் கையிலும் பிழையில்லை. உருகியிருந்தால் ஈரமாவது இருக்க வேண்டுமே, தொட்டி காய்ந்து கிடந்தது. ஒருநாள் அதற்குள் பாதித் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பல் பதிந்திருந்தது. கதவைப் பூட்டிச் சாவியைக் குசினி ஆணியில் மாட்டியவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி, வெளியே இருட்டிவிட்டது. மாடியில் கறுக் கறுக்கென்று எலும்பைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. நான் தட்டியதும் சத்தம் நின்றது. கதவைத் திறந்துகொண்டு மனைவி வந்தாள். உதட்டில் இரத்தமேயில்லை.

“கடிக்கிற சத்தம் ஒண்டு உமக்கும் கேட்டதோ?” என்றேன்.

புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “ஓம், கேட்டது” என்றாள்.

ஐயோ, அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாயிருந்தது. சகலனை வரச் சொன்னேன். அவன் கதிரையையும் பிரிட்ஜையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அண்ணை, இது உத்தரிக்கிற ஆத்துமம், மோட்சம் போகேலாமல் வேதனைப்படுது. நவம்பர் வேற, இறந்த ஆக்களின்ர மாசம். அந்தாள் தண்ணி விடாயில செத்திருக்கு. செபம் கேக்குது.”

எனக்கும் அதுதான் நியாயமாய்ப் பட்டது. டொக்டரிடம் அவளுக்கு எடுத்திருந்த அப்பொயின்ட்மென்டைத் தள்ளிப் போட்டேன். ஆத்துமம் அடங்கினால் அவளும் தேறிவிடுவாள் என்றேன்.

ஒன்பது நாள், நான் வேலைக்குப் போகுமுன் வாகனத்துக்குள் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னோம். கதிரைக்கு முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தேன். செபத்தை நடத்தியவள் என் மனைவி. இடையில் ஐஸ் விழும். சகலனுக்கு வாய் குழறும், எனக்கு முதுகு சில்லிடும். அவள் மட்டும் தலையை உயர்த்திப் பிரிட்ஜைப் பார்ப்பாள். பயத்தில் பார்க்கிறாள் என்றே நினைத்தேன்.

பத்தாம் நாள் கம்பிக் கையை உயர்த்தி, வால்வைப் பூட்டி, மிச்ச ஐஸை முற்றத்தில் கொட்டினேன். செபம் முடிந்தது, அந்தாள் இனிப் போய்ச் சேரட்டும்.

அடுத்த நாள் பின்னேரம் நித்திரையால் எழும்பினால் வீட்டில் அவளைக் காணவில்லை. முற்றத்தில் சுரண்டுகிற சத்தம் கேட்டது. வாகனத்தின் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். ஃப்ரீஸர் திறந்திருந்தது. செத்தவனின் கதிரையில் யாரோ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தது. மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டேன். பிறகுதான் அது போட்டிருந்த என் கம்பளிச் சட்டை கண்ணில் பட்டது.

மனைவி. ஃப்ரீஸர் சுவரில் படிந்திருந்த உறைபனியைக் கரண்டியால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா செய்யிறீர்?”

“ஏன் நிப்பாட்டினீங்கள்?” என்று அழுதாள். “ஐஸ் கடிக்காட்டி எனக்கு விசர் பிடிக்குது. ஏனெண்டு எனக்கே தெரியேல்ல. சொல்ல வெக்கமாக் கிடந்தது.”

எழும்பப் பார்த்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கும் டொக்டருக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்த்தேன். இரத்தம் பயங்கரமாய்க் குறைந்திருக்கிறது, அப்படிப்பட்டவர்களுக்கு ஐஸில் இந்த ஆசை வருவதுண்டு, இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றார் அந்த டொக்டர். மாதாமாதம் அளவுக்கு மீறி இரத்தம் போகிறதா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“ஓம். ஒரு வருசமா” என்றாள் அவள், கூரையைப் பார்த்தபடி.

ஒரே கட்டிலில் படுத்தெழும்பிய எனக்கு அது அங்கேதான் தெரிய வந்தது. அடக்க முடியாத வெட்கமாயிருந்தது. டொக்டர் விடவில்லை. இவ்வளவு நாளும் வீட்டில் ஒருவரும் ஒன்றையும் கவனிக்கவில்லையா என்றார். அதையும் அவளிடம் கேட்டேன்.

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

“என்ர மனுசன் கவனிச்சவர். ஐஸ் குறையுதெண்டு கவனிச்சவர் எண்டு சொல்லுங்கோ.”

டொக்டர் என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.