நாதிரின் காறை எலும்பு

என் ஓரகத்தி கவ்கப் பிறந்த வீட்டிலிருந்து சீதனமாகக் கொண்டு வந்தது ஒரு கம்பளமும் நிறையப் பிடிவாதமும். கம்பளம் எப்போதோ நைந்துவிட்டது. அடுத்த வீட்டுக் கோழி எங்கள் முற்றத்தில் முட்டையிட்டால், சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். "அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்று நான் கேட்டால், "கோழிக்குத் தெரியுமே" என்பாள். ஈரானில் எங்கள் ஊர் தூய்சர்கானில் ஒரே முற்றத்தில் இவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்த எனக்கு மறுமையில் நல்ல இடமாகக் கிடைக்க வேண்டும்.

அவளுக்கு நாதிர் ஒரே பிள்ளை. ஈராக்கோடு நடந்த சண்டையின் கடைசி வருஷத்தில், தெற்கே நாணல் சதுப்பில் காணாமல் போனான். செத்துவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அவன் தகப்பன், என் மூத்தார் குலாமலி, ஏழு வருஷம் தெருக்கதவைத் தாழிடவே இல்லை. காற்றில் கதவு ஆடினாலும் எழுந்துபோய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவார். பனிக்காலத்தில் முற்றமெல்லாம் பனி வந்து கொட்டும். நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம்.

பிறகு ஒரு நாள் கொடி போர்த்திய சின்னப் பெட்டி ஒன்று வந்தது. எலும்புகள்தாம். நாதிர் என்று அதிகாரிகள் சொன்னார்கள், அடக்கம் செய்தோம். அன்று மாலை குலாமலி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்கும் கல்லறைக்குப் போகும் வியாழக்கிழமை மாலைகள் கிடைத்தன. கல்லைப் பன்னீரால் கழுவுவோம், பேரீச்சம்பழம் பங்கிடுவோம். உள்ளே இருப்பவருக்கு ஆள் வந்திருப்பது தெரிய வேண்டும் என்று விரலால் கல்லைத் தட்டி ஓதுவது எங்கள் வழக்கம். குலாமலி கொஞ்சம் பலமாகவே தட்டுவார்.

நான்கு வருஷம் இப்படி நிம்மதியாகப் போனது. சண்டையின் நினைவு நாள் கூட்டம் ஒன்றில், நல்ல மனசுக்கார அதிகாரி ஒருவர் கவ்கபின் கையில் பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். ஆறுதல் சொல்கிறேன் என்று வாயைத் திறந்தார்.

"உங்க பையனை அடையாளம் கண்டதே பெரிய விஷயம்மா. வலது காறை எலும்பு முறிஞ்சு கூடியிருந்துச்சு. பயிற்சி முகாம்ல லாரியிலேருந்து விழுந்தான்ல, அது அவனோட மருத்துவக் குறிப்புல இருந்துச்சு. இல்லேன்னா கண்டுபிடிச்சிருக்கவே முடியாது."

"எப்ப விழுந்தான்?" என்றாள் கவ்கப்.

"காணாமப் போறதுக்கு முந்தின மெஹர் மாசம். மாசம் பூரா கட்டுப் போட்டுப் படுத்திருந்தான்னு எழுதியிருக்கு."

கவ்கப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். மெஹர் மாதம் என்றால் எங்கள் ஊரில் அக்ரூட் உதிர்க்கும் காலம். அந்த மெஹரில் நாதிர் விடுப்பில் வந்து எங்களோடுதான் இருந்தான்.

மறுநாள் காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது தலை நிமிராமல் சொன்னாள்: "இஷ்ரத்து, கனவுல ஒரு பையன் வர்றான். கையைக் கழுத்தோட சேர்த்துத் துணியில கட்டித் தொங்கவிட்டிருக்கு. முற்றத்துல நிக்கிறான். நம்ம நாதிர் இல்லை."

"ராத்திரி மொச்சை தின்னா கனவு வரத்தான் செய்யும் அக்கா."

"ரொம்ப நாளா வர்றான். இப்பத்தான் யாருன்னு புரியுது. வாரா வாரம் நாம தட்டினது வேற வீட்டுக் கதவு."

அந்த வியாழனன்று அவள் பன்னீர் ஊற்றினாள், ஆனால் தட்டவில்லை. கல்லருகே குனிந்து, "தம்பி, உன் பேர் என்ன?" என்று கேட்டாள். குலாமலி எழுந்து எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு நடந்துவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். மாகாணத் தலைநகரில் படைப் பதிவு அலுவலகம். பேருந்தில் அவளுக்குத் துணை நான்; வேறு யார் போவார்கள்? அங்கே வஃபாயி என்று ஓர் எழுத்தர், எதையும் மெதுவாகவே பேசுகிற மனிதர். என் மகனுக்கு எலும்பு முறியவில்லை, அந்த வரியை அடித்துவிடுங்கள் என்று கவ்கப் மனு கொடுத்தாள். அடுத்த முறை போனபோது அவர் எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார். அப்போதே எனக்குப் பயமாகிவிட்டது.

"அம்மா, உங்க பையன் இருந்த அதே படைப் பிரிவுல நாசிர் சைஃபின்னு ஒருத்தன் இருந்திருக்கான். உங்க பையன் நாதிர் சைஃபி. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். முகாம் ஆஸ்பத்திரியில குறிப்பு மாறிப்போயிருக்கலாம்."

"அவன் எங்கே?"

"அவனும் காணாமப் போனவன்தான். மலாயர் பக்கம் கிராமம். அவங்கம்மா இன்னமும் இங்கே வந்து கேட்டுட்டுத்தான் போறாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிச்சுக்குங்கம்மா. இந்த வரியை அடிச்சா கல்லுல இருக்கிற பேரும் போயிடும். உங்க பையன் மறுபடி காணாமப் போனவங்க பட்டியலுக்குப் போயிடுவான்."

"அவன் எங்கே இருக்கான்னு எனக்குத்தான் தெரியலை தம்பி. உங்க பட்டியல்லயாவது சரியான இடத்துல இருக்கட்டும்."

பெற்றவர்கள் சொல்வது செல்லாதாம். அந்த மாதம் அவனைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். ஒருவர் அக்ரூட் தோப்புக்காரர், உடனே ஒத்துக்கொண்டார். இன்னொருத்தி நான்தான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "அக்கா, இது என்ன முட்டையா, சூடு ஆறுறதுக்குள்ள திருப்பிக் கொடுக்க? எத்தனை பேருக்குக் கல்லுகூடக் கிடைக்கலை! கிடைச்சதை வச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?"

"அந்தப் பொம்பளை எந்தக் கல்லைத் தட்டுவா?" என்றாள்.

குலாமலி என்னைத் தனியாகத் தேடி வந்தார். கல்யாணமாகி வந்த நாள் முதல் என் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசியிராத மனிதர்.

"இஷ்ரத், நீ போகாதேம்மா. ஏழு வருஷம் கதவைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். மறுபடி பார்க்க என்னால ஆகாது."

"நான் என்ன செய்யட்டும் அத்தான்?"

"மறந்துபோச்சுன்னு சொல்லு. யார் கேட்கப் போறா?"

சரி, மறந்துவிட்டது என்றே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறந்தும் பார்த்தேன். என்னால் முடியவில்லை. அந்த மெஹரில் நாதிர் மரத்தின் உச்சியில் நின்று, இரண்டு கையாலும் நீளக் கழியைச் சுழற்றிக் கிளையை அடித்தான். கீழே நின்ற என் தலையில் பச்சைத் தோலோடு அக்ரூட் ஒன்று விழுந்தது. "சித்தி, உள்ளே ஒண்ணும் இல்லைபோல, சத்தமே வரலையே!" என்று மேலிருந்து சிரித்தான். வெள்ளை முக்காட்டில் ஒட்டிய கறை எத்தனை தோய்த்தும் போகவில்லை. நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். கல்லறை வேண்டுமென்றால் அவனை அந்த மரத்திலிருந்து இறக்கி, தோளை நானே உடைத்துக் கட்டிலில் போட வேண்டும். போய்ச் சொன்னேன். பார்த்ததைச் சொன்னேன்.

அலுவலகம் ஒரு குளிர்காலம் முழுக்க எடுத்துக்கொண்டது. அந்த வரியை நாதிரின் குறிப்பிலிருந்து அடித்து, நாசிரின் குறிப்பில் சேர்த்தார்கள். கல்லை மாற்றினார்கள்.

நாசிரின் தாய் சல்தனத் வரப்போகும் நாளில் கவ்கப் எனக்கு முன்னால் எழுந்து அல்வா கிண்டினாள். கல்லறைக்குப் போய்ப் புதுக் கல்லைக் கழுவி, விருந்தாளி வரும் வீடு மாதிரி சுற்றிலும் பெருக்கிவிட்டு நின்றாள். குலாமலி வரவில்லை. சல்தனத் எங்களைவிட வயதானவள், முதுகு கூனிப்போயிருந்தது. கல்லின் மேல் கவிழ்ந்து படுத்து, தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். "அம்மா வந்துட்டேன், அம்மா வந்துட்டேன்" என்று அந்த ஒரே வார்த்தைதான்.

எழுந்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இத்தனை வருஷம் என் பையனை யார் பார்த்துக்கிட்டது?"

"நான்தான்" என்றாள் கவ்கப். "எங்க வீட்டுப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம். கோவிச்சுக்காதீங்க."

சல்தனத் அவளைக் கட்டிக்கொண்டாள். "உன் பிள்ளையோட கல்லை நான் எங்கேயாவது கழுவிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா!" என்று கதறினாள். நான் கல்நெஞ்சக்காரி என்று ஊரில் பெயர். என்னாலேயே அங்கே நிற்க முடியவில்லை.

நாங்கள் திரும்பி வந்து வீட்டை நெருங்கியபோது தெருக்கதவு விரியத் திறந்திருந்தது. எங்கள் காலடிச் சத்தம் கேட்டு உள்ளே தேநீர்க் கிண்ணம் உருண்டது. குலாமலி செருப்புகூடப் போடாமல் முற்றத்தைக் கடந்து வாசலுக்கு ஓடி வந்தார்.

எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீங்கதானா" என்றார்.

கவ்கப் அவரைத் தாண்டி உள்ளே போனாள். பின்னால் வந்தவள் நான்தான். கதவை நான் சாத்தவில்லை.